கறுப்பு வேட்டிக்கு ஒரு நியாயம், ஹிஜாபுக்கு ஒரு நியாயமா?

ரெண்டு வாரமா ஆணி அதிகம். காலாண்டு முடிவு, ஆடிட் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஆனால் இதை எழுதாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

போபாலுக்கு வந்து மூணு வருஷம் ஆகப் போகிறது. ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு மனு போட்டிருக்கிறேன். இதை இப்பவே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எங்கள் கிளையில் ஒரு இளம் அதிகாரி. ஹிஜாப் அணிபவர். முகம் முழுசாகத் தெரியும், தலைமுடிதான் மறைந்திருக்கும். கவுண்டரில் அவர் வேகத்துக்கு எங்களில் யாரும் ஈடு கிடையாது. போன மாதம் மேலிடத்திலிருந்து போன். "யாரோ கஸ்டமர் ஏதோ சொன்னாராம். அந்தப் பொண்ணைப் பின்னால உட்கார வைங்க. எதுக்கு வம்பு?"

எனக்கு மாற்றல் மனு ஞாபகம் வந்தது. "சரி சார்" என்றேன். அன்று மதியமே லோன் ஃபைல்கள் இருக்கும் உள்ளறைக்கு அவரை மாற்றினேன்.

அவர் கோபப்படவில்லை. இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார். "சார், என் வேலையில தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். இல்லைன்னா, எதுக்கு மாத்தறீங்கன்னு எழுதிக் குடுங்க."

18 வருஷத்துக்கு மேலான சர்வீஸில் எத்தனையோ நோட் எழுதியிருக்கிறேன். இதை எழுத முடியவில்லை. எழுதினால் அசிங்கம் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. 2007 ஞாபகம் வந்தது. திண்டுக்கல் பக்கம் முதல் போஸ்டிங். அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். 41 நாள் கறுப்பு வேட்டி, தாடி, செருப்பில்லாத கால். அந்தக் கோலத்தில்தான் கவுண்டரில் உட்கார்ந்தேன். மேனேஜர் முதல் கஸ்டமர் வரை எல்லோருக்கும் நான் "சாமி". சாயந்திரம் பூஜைக்கு நேரமாகிவிட்டால் எங்கள் ஹெட் கேஷியர் பாய்தான், "நீங்க கிளம்புங்க சாமி, வவுச்சரை நான் பாத்துக்கறேன்" என்பார். யாரும் என்னிடம் டிரெஸ் கோட் பேசவில்லை. பேசியிருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும்.

அப்போது எனக்குக் கிடைத்தது சலுகை என்றே எனக்குத் தெரியாது. பெரும்பான்மையாக இருப்பதில் உள்ள வசதி அது. அந்த வசதி போபாலில் கொஞ்சம் குறைகிறது. ஜனவரி 15 அன்று பொங்கலுக்கு லீவு கேட்டால், "சங்கராந்திதான் நேத்தே முடிஞ்சுதே?" என்கிறார்கள் :-)

சரி, சட்டத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை, பி.காம். தெரிந்த வரை சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மத சுதந்திரம் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று எல்லையும் போடுகிறது. சீக்கியர் கிர்பான் அணிவது மதத்தைப் பின்பற்றுவதில் சேரும் என்று அதே பிரிவின் விளக்கமே சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்குத் தருகிறது.

எல்லா வழக்கும் ஒரே திசையில் போகவில்லை. விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கேட்டவரின் வழக்கை 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படையின் கட்டுப்பாடும் ஒரே மாதிரித் தோற்றமும் முக்கியம் என்றார்கள். ஆனால் 2024 ஜூலையில் மதுரைக் கிளை, தாடி வைத்த ஒரு முஸ்லிம் போலீஸ்காரரின் சம்பள உயர்வை நிறுத்திய உத்தரவை ரத்து செய்தது. அதை அனுமதிக்கும் 1957-ஆம் வருஷத்து மெட்ராஸ் போலீஸ் கெசட்டை எடுத்துக் காட்டியது. ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அதுவும் வகுப்பறை பற்றியது, ஆபீஸ் பற்றியது அல்ல.

எங்கள் வங்கியில் அதிகாரிகளுக்குச் சீருடையே கிடையாது. பொதுத்துறை வங்கி சட்டத்தின் கண்ணில் அரசுதான். மதத்தை மட்டும் காரணமாக வைத்து வேலையில் பாகுபாடு கூடாது என்ற 16-வது பிரிவு எங்களைக் கட்டும். தனியாரில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடையாது. அதற்கென்று பொதுவான தனிச் சட்டம் வேண்டும் என்பது என் கட்சி.

"அப்போ எதை வேணும்னாலும் போட்டுக்கிட்டு வரலாமா?" என்று கேட்பீர்கள். இல்லை. நான் மூன்று கேள்வி கேட்பேன். பாதுகாப்பு கெடுகிறதா? வேலை நிற்கிறதா? அந்தச் சுமை பக்கத்து சீட்காரர் தலையில் விழுகிறதா? முகத்தை முழுக்க மூடிக்கொண்டு பணம் எடுக்க வந்தால் அடையாளம் பார்த்துத்தான் ஆக வேண்டும். தனியறையில் பெண் ஊழியர் பார்த்தால் முடிந்தது. 2020, 2021-ல் நாம் எல்லோருமே மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வங்கி நடத்தினோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வழிபாட்டு நேரமும் அப்படித்தான். ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் அந்த நேரத்தில் திறக்க முடியாது. அதனால் எங்கள் கேஷியர் 12.30-க்கே தேவையான பணத்தை எடுத்து வைக்கச் சொல்வார். சாப்பாட்டு நேரத்தில்தான் போவார். சூரியன் மறைந்தபின் சாப்பிடாத ஜெயின் நண்பர் ஐந்து மணிக்கே டிபன் பாக்ஸைத் திறப்பார், அந்தப் பத்து நிமிஷம் அவர் சீட்டை நான் பார்ப்பேன். அவர் எனக்குப் பொங்கலன்று பார்ப்பார். இதனால் இதுவரை கணக்கு ஒரு ரூபாய் இடித்ததில்லை.

இதெல்லாம் மேனேஜரின் நல்ல மனசை நம்பி நடக்கிறது. அதுதான் ஆபத்து. நல்ல மனசு ஒரு போன் காலில் எப்படி ஆட்டம் காணும் என்று என்னை வைத்தே பார்த்துவிட்டேன். ஒரு பக்கத்துக்கு சுற்றறிக்கை போதும். வேலைக்கு இடையூறில்லாத மத உடைக்குத் தடையில்லை, வழிபாட்டு நேரத்தை முன்கூட்டிச் சொல்லி ஈடுகட்ட வேண்டும், புகார் எழுத்தில் மட்டுமே வர வேண்டும். மூன்றே வரி.

மறுநாள் காலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் பழைய கவுண்டரில் உட்கார்ந்தார். மேலிடத்துக்கு ஒரு மெயில் போட்டேன்: "கஸ்டமர் கொடுத்த புகாரின் நகலை அனுப்பவும். பரிசீலித்து நடவடிக்கை எடுக்கிறேன்."

இன்று வரை பதில் இல்லை. என் மாற்றல் மனுவுக்கும்தான்.