முதலில் கேபிளைப் பாருங்கள்

பழைய கேம் கன்சோலை எல்சிடி டிவியில் இணைத்துவிட்டு, படம் கலங்கலாக இருக்கிறதே என்று கன்சோலைத் திட்டுகிறோம். நானும் திட்டினேன். மலிவான எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் ஒன்றை வாங்கினேன். கலங்கல் பெரிதாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

குற்றவாளி அந்த மஞ்சள் பின் கேபிள். காம்போசிட் எனப்படும் இதில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. கலந்ததை முழுமையாகப் பிரிக்க எந்தக் கன்வர்ட்டராலும் முடியாது. 1990ல் ஜப்பானில் வந்த சூப்பர் ஃபேமிகாம், அதே போர்ட்டில் எஸ்-வீடியோ, ஆர்ஜிபி சிக்னல்களையும் தருகிறது. எனவே முதலில் நல்ல கேபிள், பிறகு அதை ஏற்கும் கன்வர்ட்டர் என்று வாங்குங்கள். எழுத்துகளின் ஓரம் பளிச்சென்று தெரியும். என்இஎஸ் வைத்திருப்பவர்கள் பாவம், உள்ளே மாற்றம் செய்யாமல் அதில் காம்போசிட்டைத் தாண்ட வழியில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. கன்சோல் அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல எல்சிடி டிவிகள் 480ஐ என்று தவறாக எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கலக்கிவிடுகின்றன. அடிபட்டு மினுக்கும் வீரன் சில சமயம் திரையிலிருந்தே காணாமல் போவான்! ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் இதைச் சரிசெய்யும். ஆனால் விலை அதிகம். வீட்டு மூலையில் பிக்சர் டியூப் டிவி கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் இந்தப் பிரச்சினையே வராது.