மன்னிக்கும் எஃகு



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, என் அக்காள் மகன் கையில் ஒரு சிறு பையுடன் வாசலில் காத்திருந்தான். பிரான்சில் வேலை பார்ப்பவன். விடுமுறையில் புதுவை வந்திருக்கிறான். பையைத் திறந்து காட்டினான். சாத்துக்குடிப் பழத்தின் அளவில் மூன்று எஃகுக் குண்டுகள் பளபளத்தன.

"மாமா, புதுசா வாங்கினது. வாங்க, ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்துடுவோம்" என்றான்.

தலையில் தொப்பியும் உடலில் நீண்ட ஜிப்பாவுமாக ஒரு மதரஸா ஹஜ்ரத் மைதானத்தில் நின்று குண்டு வீசுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். மாணவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள்? ஆயினும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி நினைவுக்கு வந்தது. பந்தயப் பணம் கட்டப் போவதில்லை. மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மருத்துவரும் சற்று உடலை அசைக்கச் சொல்லியிருக்கிறார். நடந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலேயர்கள் தாம் போன இடமெல்லாம் கோல்ஃப் விளையாட்டைக் கொண்டு போனார்கள். கொடைக்கானலிலும் உதகையிலும் அதற்கான புல்வெளிகளை இன்றும் காணலாம். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமை பெற்றது. அவர்கள் போன பின்னும் நேர்கோட்டு வீதிகளும், வீதிப் பெயர்களும், ஓய்வூதியம் பெறும் சொல்தாக்களின் குடும்பங்களும் எஞ்சியதைப் போல, 'பெத்தாங்' என்ற இந்தக் குண்டு விளையாட்டும் எஞ்சியது. இதற்குப் புல்வெளி வேண்டாம். மரநிழலில் கொஞ்சம் மண் தரை இருந்தால் போதும்.

விதிகள் எளியவை. தரையில் ஒரு சிறு வட்டம் வரைந்து, இரு பாதங்களையும் அதனுள் ஊன்றி நிற்க வேண்டும். முதலில் எலுமிச்சையினும் சிறிய ஒரு மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் வீசுவார்கள். பிறகு எஃகுக் குண்டுகளை அதன் அருகில் போய் நிற்கும்படி வீச வேண்டும். எதிராளியின் குண்டு நெருங்கி நின்றால் அதை அடித்து விலக்கவும் செய்யலாம். 13 புள்ளிகளை முதலில் எட்டியவர் வென்றவர். அந்தச் சிறு மரக்குண்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்துள்ள செல்லப்பெயரின் பொருள் 'பன்றிக்குட்டி' என்பதாகும். நம் வீட்டார் முகம் சுளிக்க வேண்டாம். விதிநூலில் அதற்கு 'இலக்கு' என்ற பொருளுடைய சொல் ஒன்றும் உண்டு. நாமும் விதிநூலின் பக்கம் நின்று குறிக்குண்டு என்றே சொல்வோம்.

இந்த விளையாட்டு பிறந்த கதையை மருமகன்தான் சொன்னான். பிரான்சின் தென்கரையில் லா சியோத்தா என்றோர் ஊர். அங்கே பழைய முறைப்படி, சில அடிகள் ஓடிவந்து குண்டு வீசுவார்கள். லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. ஓட இயலாமல் அவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. 1907ஆம் ஆண்டளவில், அவருக்காக அவருடைய நண்பர்கள் ஆட்டத்தையே மாற்றினார்கள். தொலைவைக் குறைத்தார்கள், ஓட்டத்தை நீக்கினார்கள், எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே வீசுவது என்று முடிவு செய்தார்கள். 'ஊன்றிய பாதங்கள்' என்று பொருள்படும் அவ்வட்டாரச் சொல்லிலிருந்தே பெத்தாங் என்ற பெயர் வந்தது. ஒரு மனிதரின் முழங்காலுக்காக ஒரு விளையாட்டு தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. அந்தத் தளர்வினால் அது நலிந்துபோகவில்லை. முதியவரும் பெண்டிரும் சிறுவரும் ஆடக்கூடியதாகிப் பல நாடுகளுக்கும் பரவியது.

மைதானத்துக்கு வருவோம். முதலில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இரவல் வாங்கிய பழைய குண்டுகளால் வீசிப் பார்த்தேன். தரையில் அங்கங்கே சரளைக் கற்கள். என் குண்டு ஒரு கல்லின் மேல் விழுந்தது. 'டங்' என்ற ஓசையுடன் எழும்பி, குறிக்குண்டைத் தாண்டி வேலியோரம் போய் நின்றது. மறுமுறை வேறொரு குண்டின் மேல் மோதித் திசை மாறி ஓடியது. நான் வீசியது ஓரிடம். அது போய்ச் சேர்ந்தது வேறிடம். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இப்ப இதைப் போடுங்க மாமா" என்று புதுக் குண்டைக் கையில் கொடுத்தான்.

எடையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இவ்வகைக் குண்டுகள் 650 கிராமுக்குக் குறையாமலும் 800 கிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே வெற்றிடம், இரண்டு எஃகு அரைக்கோளங்களைப் பற்றவைத்துச் செய்திருக்கிறார்கள். வீசினேன். இதுவும் கற்களின் மேல்தான் விழுந்தது. ஆனால் எழும்பிய உயரம் குறைவு. 'தொப்' என்று அடங்கிய ஓசையுடன் இரண்டு முழம் உருண்டு, குறிக்குண்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நானே வியந்துபோனேன்.

"இது மென் எஃகு மாமா. அது கடின எஃகு. கடினமானது மோதினா துள்ளிப் போயிடும். இது மோதலை உள்ள வாங்கிக்கும். நாம கொஞ்சம் தப்பாப் போட்டாலும் மன்னிச்சுக்கும்" என்றான்.

மன்னிக்கும் குண்டு! அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. கோல்ஃப் ஆடுபவர்களிடமும் இச்சொல் வழங்குகிறது என்றான். அவ்விளையாட்டில் பந்து மணற்குழியில் விழுந்துவிட்டால் வெளியே எடுப்பது கடினம். பழைய மட்டையின் கூர்விளிம்பு மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். ஜீன் சாரசென் என்ற அமெரிக்க வீரர், மட்டையின் அடிப்பாகம் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்து பருத்திருக்கும்படி ஈயம் பற்றவைத்து அமைத்துக்கொண்டார். அந்த மட்டை மணலுள் புதையாமல் வழுக்கிக்கொண்டு மேலெழும்பியது. 1932ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் அவர் வென்றபோது அந்த மட்டை அவர் கையில் இருந்தது. இன்று விற்கப்படும் மணற்குழி மட்டைகள் அந்தக் கருத்திலிருந்து வளர்ந்தவையே. ஆடுபவன் தவறு செய்வான் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்து, அந்தத் தவறுக்கு இடம் வைத்துச் செய்யப்பட்ட கருவிகள் இவை.

அவ்வளவுதானா என்றால் இல்லை. அன்று மஃரிபுக்குள் இருபது முறையாவது வீசியிருப்பேன். கல்லின் துள்ளலைப் புதுக் குண்டு பொறுத்துக்கொண்டது. ஆனால் இடப்பக்கம் வீசினால் இடப்பக்கம்தான் போயிற்று. மணிக்கட்டைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. குறி பார்க்கும் வேலையை அது எனக்காகச் செய்யவில்லை. இன்னும் மென்மையாக வேண்டுமென்று சிலர் குண்டைத் தீயிலிட்டு வாட்டுவதுண்டாம். தயாரித்தவர் கொடுத்த கடினத்தன்மையை அவ்வாறு மாற்றுவதை விதிகள் தடை செய்திருக்கின்றன. மன்னிப்புக்கும் ஒரு வரம்பு வேண்டும். வரம்பில்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. காரணம் குண்டு அன்று, ஒரு சிறுவன்.

எங்கள் மதரஸாவில் குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகளில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன். பெயர் வேண்டாம். ஹிப்ழு செய்தவர்களுக்குத் தெரியும்: ஓரிடத்து வசனமும் மற்றோரிடத்து வசனமும் சில சொற்களில் ஒன்றுபோலவே அமைந்திருக்கும். ஓதுகிறவன் தன்னை அறியாமல் ஒரு சூராவிலிருந்து இன்னொரு சூராவுக்குத் தாவிவிடுவான். இந்தச் சிறுவன் ஒரே இடத்தில் நான்கு நாள் தொடர்ந்து அவ்வாறு தாவினான். நான்காம் நாள் என் பொறுமை போயிற்று. முழு வகுப்பின் முன்னிலையில், "உன் அண்ணன் இந்த ஜுஸ்வை ஒரே வாரத்தில் முடித்தான். உனக்கு இது வராது" என்று சொல்லிவிட்டேன். பிரம்பைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் ஆயிற்று. "பையனுக்கு ஆர்வம் இல்லை" என்று மற்ற ஆசிரியர்களிடம் சொன்னேன். என்னிடமும் அதையே சொல்லிக்கொண்டேன். அந்த வியாழன் இரவில்தான், வேலியோரம் போய் நின்ற அந்தக் கடினக் குண்டு என் கண்முன் வந்தது. குற்றம் சிறிது, ஒரு சரளைக் கல்லின் அளவு. என் கடினம் அதைப் பெரிதாக்கி, பிள்ளையை இலக்கைத் தாண்டித் தூக்கி எறிந்துவிட்டது.

பத்தாண்டுகள் நபிகளாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அக்காலம் முழுவதிலும் தாம் ஒருமுறையேனும் கடிந்துகொள்ளப்படவில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் பணியில் சேர்ந்தபோது பத்து வயதளவினரான சிறுவர். எத்தனை முறை மறந்திருப்பார். எத்தனை முறை வேலையை விட்டு விளையாடப் போயிருப்பார்! இந்த ஹதீஸை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டை நன்மை உண்டு என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாவுக்குத் தெரிந்தது நடத்தைக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை; மதரஸாவுக்கு விடுமுறை. காலையில் மருமகன் குண்டுகளைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அருகில் அவனுடைய முந்தைய மென்குண்டு ஒன்றும் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேற்பரப்பெங்கும் சிறுசிறு குழிகள், தழும்புகள்.

"இது ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டேன்.

"மென்மையானது அப்படித்தான் மாமா. ஒவ்வொரு அடியும் அது மேலேயே பதிஞ்சிடும். கடினமானது வருஷக்கணக்கா புதுசு மாதிரியே இருக்கும். இது சீக்கிரம் தேயும்."

நான் எதுவும் பேசவில்லை. மன்னிப்பு என்பது செலவில்லாத பண்பு என்று அதுவரை எண்ணியிருந்தேன். மோதலை உள்வாங்குகிறவன் மேல் தழும்பு விழத்தான் செய்யும். தழும்பு விழாமல் பளபளப்பாக இருக்க விரும்பியதால்தான் நான் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மூன்று வாரமாகப் போகவில்லை. ஹஜ்ரத் ஒரு சிறுவனைத் தேடிப் போவதா என்ற எண்ணம் என்னைத் தடுத்திருந்தது.

ஜும்ஆ தொழுகைக்குப் பின் போனேன். அவனுடைய அத்தா பதறி எழுந்து நாற்காலி போட்டார். "நான்தான் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். அவனிடம் மாப்புக் கேட்க வந்தேன்" என்றேன். அவர் தலைகுனிந்து நின்றார். சிறுவன் கதவின் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அழைத்தேன்; வந்தான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டான்:

"ஹஜ்ரத், அந்த இடத்துல எனக்கு இன்னும் தப்புதே. வீட்டுலயும் ஓதிப் பார்த்தேன். தப்புது."

மூன்று வாரமும் அவன் வீட்டில் ஓதிக்கொண்டிருந்திருக்கிறான்! ஆர்வம் இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்ன பிள்ளை.

"தப்பட்டும். நான் அங்கேயே நிறுத்தி எடுத்துக் கொடுக்கிறேன். நீ வா" என்றேன்.

சனிக்கிழமை வந்தான். அந்த இடத்தில் மறுபடியும் தாவினான். எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறும் தாவினான், எடுத்துக் கொடுத்தேன். பிழையைப் பிழையல்ல என்று சொல்லவில்லை. அல்லாஹ்வின் வேதத்தில் ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. இலக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் பிழைக்குப் பின் அவன் ஓடிப்போய்விடாமல் என் அருகிலேயே நிற்கிறான். இதை எழுதும் இன்று வரை அந்த இடம் அவனுக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. பிடிபடும், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோர்களே! தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை, சோறு குழைந்துபோன புது மருமகள், கடையில் கணக்குத் தவறிய தம்பி என்று நம் இல்லங்களில் நாள்தோறும் எத்தனை சரளைக் கற்கள்! அவற்றின் மேல் நாம் எப்படி விழுகிறோம் என்பதை இந்த மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நம் சொல்லால் துள்ளிப் போய் வேலியோரம் நிற்பவர் எவரேனும் உண்டா? இருந்தால், அவர் வரட்டும் என்று காத்திராமல் நாமே போவோம். தழும்பு நம் மேல் விழட்டும்.

நம் பிழைகள் அனைத்தையும் அறிந்தும், நாள்தோறும் ஐந்து முறை நம்மைத் தன் சன்னிதிக்கு அழைக்கிற அந்த மன்னிப்பாளன், ஒருவரையொருவர் மன்னிக்கும் உள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.