ரோட்டுக்கு மேல் மீன்வலை: உக்ரைனில் ட்ரோனை எதிர்கொள்வது எப்படி?

உக்ரைனின் கெர்சன் நகரைச் சுற்றியுள்ள சாலைகளில், இரண்டு பக்கமும் கம்பம் நட்டு மேலே வலை கட்டியிருக்கிறார்கள். பார்க்க நீளமான பந்தல் மாதிரி இருக்கும். அந்த வலைகளில் பல, பிரான்ஸ், டென்மார்க், ஸ்வீடன் மீனவர்கள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை.

ஏவுகணை பறக்கும் காலத்தில் எதுக்கு மீன்வலை?

எதிரி யார்?

எஃப்.பி.வி ட்ரோன். கேமராவும் வெடிமருந்தும் பொருத்திய குட்டி ட்ரோன் இது. எங்கோ பதுங்கியிருப்பவர் கண்ணில் திரைக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, வீடியோ கேம் மாதிரி ஓட்டிப்போய் இலக்கில் மோதவைப்பார். விலை சில நூறு டாலர்தான். அது அழிக்கும் டாங்கியின் விலையோ பல கோடி ரூபாய். அமெரிக்கா கொடுத்த 31 ஆப்ராம்ஸ் டாங்கிகளையே ட்ரோன் பயத்தால் உக்ரைன் முன்களத்திலிருந்து பின்னுக்கு எடுத்ததாக, 2024 ஏப்ரலில் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சொன்னார்கள்.

முதலில் என்ன செய்தார்கள்?

டாங்கி மேல் இரும்புக் கூண்டு வைத்தார்கள். 2024-ல் ரஷ்யா ஒருபடி மேலே போய், டாங்கியையே தகரக் கொட்டகைக்குள் அடைத்தது. 'ஆமை டாங்கி' என்று பெயரே வந்துவிட்டது. ஆனால், உள்ளே இருப்பவருக்கு வெளியே சரியாகத் தெரியாது. பீரங்கியையும் நினைத்த பக்கம் திருப்ப முடியாது.

அடுத்தது ஜாமர். ரேடியோ சிக்னலைக் கெடுத்தால் ட்ரோன் விழுந்துவிடும். கொஞ்ச காலம் இது நன்றாகவே வேலை செய்தது. 2024-ல் ரஷ்யா கண்ணாடி இழை ட்ரோன்களை இறக்கியது. பட்டத்துக்கு நூல் விடுவது போல, மெல்லிய ஃபைபர் கேபிளை 10 கிலோமீட்டருக்கு மேலேயும் விட்டுக்கொண்டே பறக்கும். ரேடியோவே இல்லை, ஜாமரால் என்ன செய்ய முடியும்? பிறகு உக்ரைனும் அதே முறைக்கு வந்தது.

அப்போதான் வலை

ட்ரோனின் இறக்கை வலையில் சிக்கினால் அதனால் நகர முடியாது. வெடித்தாலும், வண்டியைத் தொடாமல் தள்ளியே வெடிக்கும். ஆனால், காற்று, பனி, குண்டுவீச்சு எல்லாம் வலையைக் கிழிக்கும். ஒரு ஓட்டை போதும், ட்ரோன் உள்ளே வந்துவிடும். அதனால் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத் தைக்க வேண்டியிருக்கிறது. வலையை மட்டும் நம்பாமல், வீரர்கள் ஷாட்கன்னும் வைத்துக்கொள்கிறார்கள்.

யாருக்காக இவ்வளவும்?

சாப்பாடு, தோட்டா, காயம்பட்டவர்கள் எல்லாமே இந்தச் சாலையில்தான் போக வேண்டும். சாலை மூடினால், கால் போன வீரர் பதுங்குகுழியில் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொதுமக்களும் தப்பவில்லை. கெர்சன் பகுதியில் பொதுமக்கள் மீது ரஷ்யா நடத்திய ட்ரோன் தாக்குதல்கள் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா விசாரணை ஆணையம் 2025 மே மாதம் சொன்னது.

மற்ற ராணுவங்களுக்கு என்ன பாடம்?

வேகம். பல நாடுகளில் ஓர் ஆயுதத்துக்கு டெண்டர் விட்டு, சோதித்து, வாங்கி முடிக்கவே வருடங்கள் ஆகும். உக்ரைனில் முன்கள வீரர் சொல்லும் குறை நேராக ட்ரோன் பட்டறைக்குப் போகிறது; சில வாரங்களில் மாற்றம் வந்துவிடுகிறது. ட்ரோன்களுக்கென்றே தனிப் படைப்பிரிவையும் 2024-ல் தொடங்கினார்கள். எதிர்ப்பக்கமும் அதே வேகத்தில் கற்றுக்கொள்வதால், இன்று காப்பாற்றும் வலை அடுத்த வருடமும் காப்பாற்றும் என்று அங்கே யாரும் கணக்குப் போடுவதில்லை.