தடுத்த ரன்னுக்குக் கணக்கு ஏது?

எங்க திருத்தணி டீமில் எனக்கு பேட்டிங் பதினோராவது. பௌலிங் கிடையாது. "டேய், நீ லைனுக்குப் போடா" என்பதுதான் எனக்குக் கிடைக்கிற ஒரே பதவி. போன ஞாயிறு, எல்லை தாண்டி நகரியிலிருந்து வந்த பசங்களோடு மேட்ச். ஒரு கேட்ச் விட்டதற்கு ரெண்டு பாஷையிலும் திட்டு விழுந்தது. விழுந்து புரண்டு மூணு ஃபோரைத் தடுத்தேனே, அது? முழங்கை உரிந்ததுதான் மிச்சம். தடுத்த ரன்னை எழுத ஸ்கோர் நோட்டில் கட்டமே கிடையாதே பாஸ்!

அமெரிக்க பேஸ்பாலில் தூரத்தில் நின்று ஓடிப் பிடிக்கிறவனுக்கு 'அவுட்ஃபீல்டர்' என்று மரியாதையாக ஒரு போஸ்ட்டே உண்டு. நம்ம கிரிக்கெட்டில் ஃபீல்டிங்குக்கென்று அப்படி ஆள் எடுத்திருந்தால், முதல் ஆர்டர் ராபின் சிங்குக்குத்தான்.

அண்ணன் பிறந்தது 1963-ல், டிரினிடாடில். படிக்க மெட்ராஸ் வந்தவர், 1987-88 ரஞ்சிக் கோப்பையை ஜெயித்த தமிழ்நாடு டீமில் ஆடினார். இந்தியாவுக்கு ஆடுவதற்காக டிரினிடாட் பாஸ்போர்ட்டையே விட்டார். 1989-ல் முதல் ஒருநாள் போட்டி எங்கே தெரியுமா? அதே டிரினிடாடில்! ரெண்டே மேட்ச். அப்புறம் ஏழு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. ஒரு அரியர் விழுந்தாலே நாம சாமியாராகப் போகக் கிளம்புறோம். இவர் ரஞ்சியில் ஆடிக்கொண்டே இருந்தார். 1996-ல் திரும்ப வந்தபோது வயசு 33. அந்த வயசில் டைவ் அடித்துப் பந்தை மறித்தார் மனுஷன்.

எனக்குப் பொறுக்காத விஷயம் வேற. 1998 டாக்கா ஃபைனலில் பாகிஸ்தானின் 314-ஐத் துரத்தியபோது கங்குலி 124, ராபின் 82. ஆனா யாரைக் கேட்டாலும் கடைசியில் கனித்கர் அடித்த ஃபோரைத்தான் சொல்வாங்க. 1999 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக 31 ரன் கொடுத்து 5 விக்கெட். அன்னைக்குன்னு பார்த்து கங்குலி 183, டிராவிட் 145 அடிக்கணுமா?

136 ஒருநாள் போட்டி, 2336 ரன், 69 விக்கெட், டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு. 2007-ல் டி20 உலகக் கோப்பை ஜெயித்த டீமுக்கு ஃபீல்டிங் கோச்சும் இவர்தான். அந்தக் கோப்பை என்றால் தோனி ஞாபகம் வரும், யுவராஜின் ஆறு சிக்ஸர் ஞாபகம் வரும். இவர்?

வர்ற ஞாயிறு நகரியில் ரிட்டர்ன் மேட்ச். தடுத்த ரன்னுக்கு நோட்டு ஓரத்தில் தனியா ஒரு கோடு போடச் சொல்லி, ஸ்கோர் எழுதுற பையனிடம் கெஞ்சியிருக்கேன்.

"கோட்டுக்கு ஒரு டீ" என்கிறான்.