ஓராண்டு கழித்து யார் கேட்கிறார்கள்?

‘காலுறையை நீங்களே போட்டுக்கொள்ள முடிகிறதா?’ இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் இங்கிலாந்தில் கேட்கப்படும் கேள்வி இது. 1996இல் வெளியான ஆக்ஸ்போர்டு வினாத்தாளில் இப்படி 12 கேள்விகள்: இரவில் வலிக்கிறதா, படியேற முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா… பதில் எழுதுபவர் நோயாளி.

அதற்கு முன்பே, 1969இல், ஹாரிஸ் அளவுகோல் வந்துவிட்டது. 100 மதிப்பெண்ணில் வலிக்கு 44, நடமாட்டத்துக்கும் அன்றாட வேலைகளுக்கும் 47. ஆனால் மதிப்பெண் போடுபவர் மருத்துவர். தன்னை நடக்கவைத்தவர் நேரில் கேட்கும்போது, “பரவாயில்லை டாக்டர்” என்றுதான் பலருக்கும் வாயில் வரும்.

அறுவையின் பயனில் ஐயமில்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962இல் நிலைநிறுத்திய முறை, முடங்கிக் கிடந்த லட்சக்கணக்கானோரை எழுந்து நடக்க வைத்தது. பொருத்திய மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதாக 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால், மூட்டு உழைப்பது வேறு, அதை வைத்துக்கொண்டிருப்பவர் நிம்மதியாக இருப்பது வேறு.

ஸ்வீடனில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைகளுக்கு 1979 முதலே தேசியப் பதிவேடு உண்டு. இங்கிலாந்தில் 2009 முதல், அறுவைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் நோயாளியிடமே கேட்கிறார்கள். இந்தியாவில்? ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டு 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, இங்கே அது பொருத்தப்பட்ட சுமார் 4,700 பேரில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. உடலுக்குள் பழுதான மூட்டு. ஆளின் முகவரி இல்லை. இதைவிடப் பெரிய கைவிடல் இருக்க முடியாது.

பதிவேட்டோடு கேள்வித்தாளும் வேண்டும். அது நம் வீட்டுக்கானதாக இருக்க வேண்டும். காலுறை இங்கே பலருக்குப் பிரச்சினையே அல்ல. ‘குந்தி உட்காராதீர்கள், சம்மணம் போடாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பப்படும் பாட்டி வீடு திரும்பினால், கழிப்பறையில் இருப்பது தரையோடு பதித்த பீங்கான். வலி போயிருக்கும், காலைக்கடனுக்கோ மருமகளின் கையைப் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் மூட்டு கச்சிதமாகத் தெரியும், இது தெரியாது.

வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கிறதா, பந்தியில் தரையில் உட்கார முடியாதது உறுத்துகிறதா, பேருந்தின் முதல் படியில் கால் வைக்க முடிகிறதா, கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா? டிஸ்சார்ஜ் சீட்டில் தொலைபேசி எண் இருக்கிறது. ஓராண்டு கழித்து ஒரு செவிலியர் அந்த எண்ணை அழைத்து, இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.