டவுன்டவுன் பெரிசா இருந்தா யாருக்கு லாபம்?

எந்த நகரத்து டவுன்டவுன் பெரிசு என்று நம்ம வகுப்பு மக்கள் சதுர கிலோமீட்டர் கணக்கோடு அடித்துக்கொள்கிறார்கள். அளவுகோலே தப்பு மக்களே!

லண்டன் 'சிட்டி' 2.9 ச.கி.மீ. என்கிறீர்கள். அது ரோமர் காலத்து மதிலை ஒட்டி வந்த நிர்வாக எல்லை. ஆக்ஸ்போர்டு தெருவும் கேனரி வார்ஃபும் அதற்கு வெளியேதான் இருக்கின்றன. சரி, சென்னைக்கு எங்கே கோடு போடுவீர்கள்? பாரிமுனையிலா, தி.நகரிலா? 2011-ல் சென்னை மாநகராட்சி 176 ச.கி.மீ.லிருந்து 426 ஆனது. அதனால் ரங்கநாதன் தெருவில் ஒரு ஆளுக்காவது கூடுதலாக இடம் கிடைத்ததா?

கோடு ஒழுங்காகத் தெரிகிற ஊர் மதுரை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. (அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். அங்கே துணி எடுக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?) நான்கு வெளி வீதிகளுக்குள் மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, நடுவில் கோயில். ரயிலை விட்டு இறங்கி நடந்தே நகைக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் முடித்துவிடலாம். சின்னதாக இருப்பதுதான் அதன் பலமே!

கான்சாபுரத்தில் 'டவுனுக்குப் போறேன்' என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அடகு நகையைத் திருப்பணும், மோட்டாருக்குச் சாமான் வாங்கணும், அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும், பொழுது சாய்வதற்குள் பஸ் பிடிக்கணும். டவுன் எத்தனை ச.கி.மீ. என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மூன்று வேலையும் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது எல்லா ஊரிலும் என்ன நடக்கிறது? நெரிசல் என்று சொல்லி ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே தூக்குகிறார்கள். மதுரை காய்கறி மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனதில் எனக்குச் சண்டை இல்லை. மாசி வீதிக்குள் லாரி முட்டிக்கொண்டு நின்றால் யாருக்கு நல்லது? ஆனால் ஆபீஸும் ஆஸ்பத்திரியும் பைபாஸுக்குப் போவது வேறு கதை. கார் வைத்திருப்பவர் பார்க்கிங் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார். பஸ்ஸில் வருகிறவர் என்ன செய்வார்? ஒரு கையெழுத்துக்கு ஒரு பக்கம், ஜெராக்ஸுக்கு இன்னொரு பக்கம், நடுவில் இரண்டு ஆட்டோ. பாதி நாள் கூலி அதிலேயே போய்விடும். உங்கள் பட்டியலில் இதற்குப் பெயர் 'நகர வளர்ச்சி'!

அளந்தே தீருவோம் என்றால், பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி ஒரு கிழவி ஒரு மணி நேரத்தில் எத்தனை வேலையை முடிக்க முடிகிறது என்று அளந்து பாருங்கள். அந்தக் கணக்கில் சென்னை எத்தனையாவது இடத்தில் வரும்?