ஃபில்டர் மூன்றா, நான்கா?

பணி ஓய்வுபெற்ற நேயர் ஒருவர் போன மாதம் எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். புதிதாக ஒரு 'டேக்' வாங்கியிருக்கிறாராம். அதில் ஏழு ஃபில்டர்கள். "தம்பி, சுசீலாம்மா பாட்டைப் போட்டுவிட்டுப் பாட்டைக் கேட்காமல் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். எதை வைக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இந்த வாரம் பதில் சொல்லிவிடுகிறேன்.

கணினியிலும் கைப்பேசியிலும் பாடல் வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை ஒலிபெருக்கிக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவியே டேக். 1982ல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த குறுவட்டில் நொடிக்கு 44,100 எண்கள். அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அவற்றால் சொல்ல முடியும். எண்களை மின்னலையாக மாற்றும்போது அந்த எல்லைக்கு மேலே அசல் ஒலியின் 'நிழல்கள்' தோன்றும். அவற்றை வெட்டுவதே ஃபில்டரின் வேலை.

இதில் ஒரு சிக்கல். மனிதக் காதுக்காக 20,000 ஹெர்ட்ஸ் வரை விட்டுவைக்க வேண்டும். 22,050க்கு மேல் எதையும் விடக்கூடாது. இடைவெளி மிகக் குறுகல். சோனியின் முதல் குறுவட்டு இயக்கியான சிடிபி-101, செங்குத்தான அனலாக் ஃபில்டரைக் கொண்டு வெட்டியது. பிலிப்ஸ் வேறு வழியில் போனது. எண்களை நான்கு மடங்காக்கி, நொடிக்கு 176,400 என்று கூட்டி, வெட்டும் வேலையில் பெரும்பகுதியைக் கணக்கிலேயே முடித்தது. இன்று 'அப்சாம்பிளிங்' என்று பேசப்படுவது அந்த யோசனையின் வாரிசுதான்.

இதில் கூடுவது எண்கள் மட்டுமே. பதிவில் இல்லாத வயலினோ மூச்சொலியோ புதிதாக வந்து சேராது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

இனி அந்த ஏழு பெயர்களைப் பார்ப்போம். மிரள வேண்டாம், இரண்டே கேள்விகள்தான். முதலாவது, எவ்வளவு செங்குத்தாக வெட்டுவது? 'ஷார்ப்' அல்லது 'ஃபாஸ்ட்' என்றால் எல்லைக்கு அருகில் சட்டென்று வெட்டும். 'ஸ்லோ' என்றால் முன்கூட்டியே சரியத் தொடங்கும். உச்ச ஒலிகள் கொஞ்சம் மங்கும், நிழல்களும் கொஞ்சம் தப்பிவரும். ஃபில்டரே வேண்டாம் என்னும் 'என்ஓஎஸ்' முறையில், குறுவட்டுப் பாடலின் 20,000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 3 டெசிபெல் குறைந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, நேரம். செங்குத்தாக வெட்டினால் மணி அடித்தபின் வரும் ரீங்காரம்போல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். 'லீனியர் ஃபேஸ்' ஃபில்டரில் இது ஒலிக்கு முன்னும் பின்னும் சமமாக வரும். 'மினிமம் ஃபேஸ்' ஃபில்டரில் பின்னால் மட்டும் வரும். மணி அடிக்கும் முன்பே ரீங்காரமா என்று பதறத் தோன்றும். ஆனால், அந்த ரீங்காரம் 22,000 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. வௌவாலுக்குக் கேட்கலாம்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்று. ஸ்டீரியோ பண்பலை ஒலிபரப்பில் 19,000 ஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி சமிக்ஞை ஓடுகிறது. அதற்கு இடம்விட்டு, பாட்டையும் பேச்சையும் 15,000 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டிவிடுவார்கள். வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டுக் கண்கலங்கியதாக எழுதும் நேயர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். வயது கூடக்கூட உச்ச ஒலிகளைக் கேட்கும் திறனும் இயல்பாகக் குறையும். ஷார்ப்பா ஸ்லோவா என்ற சண்டை பெரும்பாலும் நடப்பது, நம்மில் பலர் குடியிருந்து காலிசெய்துவிட்ட மாடியில்!

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வேகம். விண்டோஸ் கணினி பொதுவாக, ஒலி அமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்த வேகத்துக்கே எல்லாப் பாடல்களையும் மாற்றிவிடும். பாட்டு 44,100 என்றால் அமைப்பும் 44,100 ஆக இருக்கட்டும். இல்லையென்றால் இசைச்செயலியில் 'எக்ஸ்குளூசிவ் மோட்' இருக்கிறதா என்று தேடி, அதை இயக்குங்கள்.

அடுத்து, இன்றைய டேக்குகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள்ளேயே அப்சாம்பிளிங் செய்துவிடுகின்றன. அதற்கென்று தனி மென்பொருள் வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். ஏற்கெனவே கணினியில் செய்துவருகிறீர்கள் என்றால், மென்பொருளில் ஒலியளவை 3 டெசிபெல் இறக்கி வையுங்கள். இக்காலப் பாடல்கள் பலவும் உச்ச அளவை முட்டும்படி பதிவாகின்றன. இரண்டு எண்களுக்கு நடுவே எழும் உண்மையான அலை அவற்றைவிட உயரமாக இருக்கலாம். தலைக்கு மேல் இடமில்லாவிட்டால் ஒலி கரகரக்கும்.

மூன்றாவது, உங்கள் காதையே நீதிபதி ஆக்குங்கள். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு. ஜால்ராவும் மனிதக் குரலும் தெளிவாக உள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைத் தொடாதீர்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றும். வீட்டில் ஒருவரிடம் கருவியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் இரண்டு ஃபில்டர்களில் ஏதாவது ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இப்படிப் பத்து முறை. ஒன்பது முறை சரியென்றால் வித்தியாசம் உங்களுக்குக் கேட்கிறது என்று நம்பலாம். ஐந்து, ஆறு என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம். லீனியரையும் மினிமத்தையும் வைத்து என் தங்கை எனக்கு நடத்திய தேர்வில் நான் வாங்கியது ஆறு. ஹெட்ஃபோனோடு பிழைப்பு நடத்தும் காது இது!

என் பரிந்துரை: ஷார்ப் லீனியர் ஃபேஸை வையுங்கள். தேர்வில் நீங்கள் ஒன்பது வாங்கி, ஸ்லோதான் இதமாக இருக்கிறது என்றால் ஸ்லோவை வையுங்கள். அது உங்கள் ரசனை. யாரும் குறை சொல்ல முடியாது. 96,000, 192,000 வேகத்தில் பதிவான பாடல்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. அங்கே வெட்டும் எல்லை காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

பிறகு அந்த மெனுவை மூடிவிடுங்கள். தேடித்தேடி வாங்கிய கருவி, பாட்டுக்கும் உங்களுக்கும் நடுவே வந்து உட்காரக்கூடாது. எதையாவது மாற்றியே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால் வரவேற்பறையை மாற்றுங்கள். பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள வீவக வீட்டில் ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் செய்யும் வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டாமலே, ஏன், பத்து முறை கேட்காமலே சொல்லிவிடுவீர்கள்.

அடுத்த வாரம்: ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? அளவுநாடாவை எடுத்து வையுங்கள்.